சாய்ந்த பல்

பல்செட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வர ஒப்புக்கொண்டதற்கு அவர் மகள்தான் காரணம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெற்றோர் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேச ஒரு நாள் குறித்திருந்தார்கள். வீட்டில் வாயாடி என்று பெயரெடுத்த அந்தப் பெண் வகுப்பிலும் சும்மா இருக்கவில்லை. "எங்கப்பா ஒருத்தர் வாயைப் பாத்தாலே போதும், சொந்தப் பல்லா கட்டின பல்லான்னு சொல்லிடுவாரு" என்று அளந்துவிட்டாள். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருத்தி அதை நம்பவில்லை, பந்தயம் கட்டிவிட்டாள். தோற்றால் வருடம் முடியும்வரை வாயாடி தன் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பள்ளி திறந்த அன்று முதல் ஆளாக ஓடிப்போய்ப் பிடித்த இடம் அது.

"அப்பா, கவுத்துடாதீங்க" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

கவிழ்ப்பதாவது. இருபது வருடமாக அதே மேஜை, அதே மெழுகு, அதே சின்னக் கத்தி. அவர் கட்டும் பல்லை யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. பல் டாக்டரிடமிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சு வரும், அதில் ஒரு எண் இருக்கும். சில சமயம் பழைய போட்டோவிலிருந்து உதட்டை மட்டும் வெட்டி அனுப்புவார்கள். முகம் வராது, பெயர் வராது. சிரிப்பு மட்டும் வரும்.

அவருக்கு முன்னால் பேசியவர் தீயணைப்புக்காரர். கொண்டுவந்த தொப்பியை எல்லாப் பிள்ளைகள் தலையிலும் ஒரு சுற்று வைத்துவிட்டுக் கைதட்டலோடு இறங்கினார். அதற்குப் பிறகு ஒரு டப்பா நிறையப் பல்லோடு போய் நிற்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். ஆனால் டப்பாவைத் திறந்ததும் வகுப்பு அடங்கிவிட்டது. பாதிப் பிள்ளைகளுக்கு அவர்கள் பல்லே விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. ஆளாளுக்கு நாக்கால் ஓட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கவனம் அவரைக் கெடுத்தது. யாரிடமும் சொல்லாத தொழில் நுணுக்கத்தை அவிழ்த்துவிட்டார். "ரொம்ப வரிசையா, வெள்ளையா இருந்தா கட்டின பல்லுன்னு காட்டிக் குடுத்துடும். அதனால நான் வேணும்னே ஒரு சின்னத் தப்பு வைப்பேன். ஒரு பல்லைக் கொஞ்சம் சாய்ப்பேன், இல்ல ஓரத்துல துளி தேய்ச்சுவிடுவேன். உலகத்துல யாரும் கண்டுபிடிக்க முடியாது, என்னைத் தவிர."

கண்ணாடிக்காரி உடனே எழுந்தாள். "அப்போ இந்த ரூம்ல யாருக்குக் கட்டின பல்லுன்னு சொல்லுங்க பாப்போம்."

பிள்ளைகள் ஆரவாரமாக 'ஈ' என்று பல்லைக் காட்டினார்கள். கரும்பலகை ஓரமாக நின்ற டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அவர் சிரித்த அந்த ஒரு நொடியில் பல்செட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

மேல்வரிசையில் நான்கு பல். அதில் இரண்டாவது, பக்கத்துப் பல்லின் தோளில் லேசாகச் சாய்ந்திருக்கும். போன வருடம் வெட்டி அனுப்பிய போட்டோ ஒன்றைப் பார்த்து, அந்தச் சாய்வு சரியாக வருவதற்கு மூன்று முறை மெழுகை உருக்கினார். அச்சின் எண்கூட நினைவிருந்தது. தன் கைவேலை முதன்முறையாகச் சிரிப்பதைப் பார்க்கிறார், மனசு பூரித்துப்போனது. மறுநொடியே டீச்சரின் உதடு மூடிக்கொண்டது. இவர் கண்டுகொண்டார் என்று டீச்சருக்கும் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

ஜன்னலோரத்தில் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் மகள் ஜெயிப்பாள். இந்த டீச்சர் நாளை முதல் இந்த நாற்பது பேர் முன்னால் எப்படி வாயைத் திறப்பார்?

பல்செட்டுக்காரருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல் இரண்டு போனது. தனக்குத் தானே கட்டிக்கொண்டது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மகள் தூங்கிய பிறகுதான் கழற்றுவார். அவ்வளவு மானஸ்தர்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, தன் பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பல் இல்லாமல் அவர் பேசிய இரண்டு வார்த்தை விசிலாக வந்ததும் சிரிப்பு இன்னும் ஏறியது. மகள் பக்கம் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

கண்ணாடிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "இது ஏமாத்து வேலை. அவர் பல்லு அவருக்குத் தெரியாதா? இது கணக்குல சேராது."

எல்லாரும் வாயாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பேச்சுக்குப் பத்துப் பேச்சுப் பேசுகிறவள், அப்பாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்தாள், தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள், ஜன்னலோரத்திலிருந்து எழுந்தாள்.

"சரி, நான் தோத்துட்டேன். வந்து உக்காந்துக்கோ."

அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"அப்பாவால உன் இடம் போச்சு. எல்லார் முன்னாலயும் பல்லை வேற கழட்டிட்டேன். கோவமா?"

"உங்க பல்லு எனக்கு எப்பவோ தெரியும்பா. தம்ளர்ல கெடக்கும், பாத்திருக்கேன்." ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே நடந்தாள். "சாஞ்ச பல்லு டீச்சரோடதுதானே? லீவுல உங்க மேஜையில பாத்தேனே. நீங்க டீச்சரைப் பாத்ததும் எனக்கும் ஞாபகம் வந்துடுச்சு."

அவருக்கு நடை நின்றுவிட்டது. "அப்புறம் ஏன்டா நீ சொல்லல? ஜெயிச்சிருப்பியே."

"நீங்க சொல்லலையே" என்றாள் அவள்.

அவள் தோளில் கனத்த பையை அவர் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் அந்தக் கல்லை வீட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டே வந்தாள்.