பில் இல்லாத சாஃப்ட்வேர்

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்கும்படி தாளாளர் ஹேமநாதன் மனோன்மணியைப் பார்த்துத் திருட்டு என்றார். ஒருவராவது நிமிர்ந்து என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். கணக்கு வாத்தியார் பாலசுப்பிரமணியன் விடைத்தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மற்றவர்களுக்குத் திடீரென்று டிபன் பாக்ஸ்மீது பாசம் பொங்கியது. அவளுடைய உடம்பு அன்று முழுவதும் கொதித்துக்கொண்டே இருந்தது.

அப்படி அவள் எதைத் திருடிவிட்டாள்? ஒன்றையும் இல்லை. திருத்தணியில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளியில் அவள் இசை ஆசிரியை. ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவில் சிறு வயதிலேயே மேல்நாட்டு இசையின் நோட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டவள். விளம்பரப் பலகையில் போட அழகாக இருக்குமென்று பள்ளி கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வாங்கிக் குவித்திருந்தது. வாங்கினால் போதுமா? ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்டு எழுத வேண்டும். ஒரு பாட்டில் ஒரு சுரத்தை மாற்றினால் எல்லாத் தாளையும் மறுபடி கையால் எழுத வேண்டும். அதற்குத்தான் கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள் தேவைப்பட்டது.

இசை அறைக்குக் கொடுத்த கம்ப்யூட்டரோ லேபிலிருந்து கழித்துக் கட்டியது. காசு போட்டு விண்டோஸ் வாங்க யாருக்கும் மனம் வராததால் அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இருந்தது. அதற்கான நோட்டு மென்பொருள் கேட்டதும் கிடைத்தது, ஆனால் பழைய பதிப்பு. அரக்கோணத்தில் பேண்டு நடத்தும் அவளுடைய தோழி அனுப்பிய பாட்டுகள் புதிய பதிப்பில் எழுதியவை. பழசு அவற்றைத் திறக்க மறுத்தது. புதியதை அந்தக் கிழட்டு லினக்ஸுக்கென்று யாரும் தயார் செய்து வைக்கவில்லை. ஆனால் அதை உருவாக்கியவர்கள் அதன் மூல நிரலை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தார்கள். கடையில் இட்லி இல்லையென்றால் அரிசியும் உளுந்தும் வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்வதில்லையா, அந்தக் கதைதான். மனோன்மணி அரைக்க உட்கார்ந்தாள்.

எடுத்த எடுப்பிலேயே தகராறு. இன்ன லைப்ரரி, அதாவது இன்ன துணை நிரல் இல்லை என்று நின்றது. அதைத் தேடிப் போட்டால் அதற்கு இன்னொன்று வேண்டுமாம். ஒரு சான்றிதழ் வாங்க இன்னொரு சான்றிதழ் கொண்டு வா என்று அலையவிட்ட அனுபவம் அவளுக்கும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் எது இல்லை என்று பெயர் சொல்லிக் கேட்டது, நாளைக்கு வா என்று ஒரு முறையும் சொல்லவில்லை. அந்த வகையில் மனிதர்களைவிட மேல் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாம் கூடி வந்தபோது, சீக்கிரம் முடியட்டுமென்று பல கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்ய, அதாவது அரைக்கச் சொன்னாள். இருந்த துளி நினைவகத்துக்கு அது தாங்குமா? கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து போனது. பிறகு ஒவ்வொன்றாகச் செய்ய விட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். மாலை மணி அடித்த பின் வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. கடைசிக் கட்டளையைக் கொடுத்து நிறுவினாள். தோழியின் பாட்டு திறந்தது. கிளாரினெட்டுக்கு ஒரு தாள், டிரம்பெட்டுக்கு ஒரு தாள் என்று பிரிண்டரிலிருந்து வந்து விழ விழ அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட வந்தவர் கோதண்டம். ஹேமநாதனுடைய அக்காள் புருஷன். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் சப்ளை செய்வதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். லேபில் இருக்கிற விண்டோஸ் எல்லாம் பூட்டை உடைத்த திருட்டு நகல். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரிஜினல் என்று அவர் கடை பில் இருந்தது. பில் இருந்தால் அது யோக்கியம். வருடாந்தர ஆய்வுக்கு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மனோன்மணியிடமும் பில் கேட்டார். இதற்குப் பில் கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே போய் மைத்துனரிடம் வத்தி வைத்தார்.

“சும்மா கெடைக்குதுன்னா அது திருட்டு மால்தானே மிஸ்? எங்க கோதண்டம் பாவா ஒவ்வொண்ணுக்கும் பில்லு வெச்சிகினு இருக்காரு. உங்களுது எங்க?” என்று ஹேமநாதன் கேட்டது அப்போதுதான்.

மூல நிரலோடு கூடவே வந்த உரிமத்தை அவள் அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம், பிறருக்குத் தரலாம் என்று அதில் எழுதியிருப்பதைப் படித்தும் காட்டினாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல முத்திரை இல்ல, கையெழுத்து இல்ல. இதெல்லாம் செல்லாதும்மா.”

மறுநாள் அவள் வருவதற்குள் கோதண்டம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்துக் கழுவி, தன் விண்டோஸையும் தன் ‘ஒரிஜினல்’ நோட்டு மென்பொருளையும் ஏற்றியிருந்தார். பாட்டுகள் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. ஆனால் கோதண்டம் ஏற்றிய மென்பொருள் அவற்றைத் திறக்கவில்லை. அவள் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். இணைய வயரையும் பிடுங்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு வைரஸ் வரும் என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மனோன்மணி பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை பாட்டையும் முதலிலிருந்து உள்ளிட்டாள். பிள்ளைகள் ஆண்டு விழாவில் வாசித்தாக வேண்டுமே. பாலசுப்பிரமணியன் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பார்த்து, சொந்தக்காரர்களுக்குள் நாம் ஏன் போக வேண்டும் என்று ரகசியமாக ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைக் கேட்டு அவளுக்கு எரிச்சல்தான் கூடியது.

ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரையில் நோட்டு ஓட வேண்டும் என்பது ஹேமநாதன் ஆசை. தம் பள்ளிப் பிள்ளைகள் இங்கிலீஷ் நோட்டுப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டாமா? நிகழ்ச்சியை நேரலையாகவும் காட்ட வேண்டும் என்றார். அதற்காக இசை அறைக் கம்ப்யூட்டரை மேடைக்குக் கொண்டுவந்து, இத்தனை நாள் பிடுங்கி வைத்திருந்த இணைய வயரைக் கோதண்டமே செருகினார். இணையம் கிடைத்ததும் அந்த மென்பொருள் தன்னை உருவாக்கிய நிறுவனத்தோடு பேசிவிட்டது போலிருக்கிறது. இரண்டாவது பாட்டின் நடுவில் திரையில் இருந்த நோட்டின் குறுக்கே கொட்டை எழுத்தில் சிவப்பாக விழுந்தது, இது காசு கொடுத்து வாங்காத திருட்டு நகல் என்று. இங்கிலீஷ் வாசகம்தான். ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் அதைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தார்கள். பணம் கட்டிப் படிக்க வைத்த பலன் அன்றைக்குக் கண்ணெதிரே தெரிந்தது. பேண்டு பிள்ளைகள் மட்டும் திரும்பிப் பார்க்காமல் கடைசி சுரம்வரை வாசித்து முடித்தார்கள். மனோன்மணிக்கு அவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோதண்டம் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

அந்த வீடியோ பள்ளிப்பட்டு வரைக்கும் போய்விட்டது. ஆய்வு அதிகாரிகள் அடுத்த வாரம் வருகிறார்கள். ஹேமநாதன் அவளைத் தன் அறைக்கு அழைத்து, இதுவரை எந்த ஆசிரியருக்கும் கொடுக்காத காபியைக் கொடுத்து, அவளுடைய சாஃப்ட்வேரையே மறுபடி போட்டுவிடும்படி சொன்னார்.

மனோன்மணி காபியைத் தொடவில்லை. “போடறேன் சார். அன்னிக்கு எல்லாரையும் வெச்சிகினு ஸ்டாஃப் ரூம்ல திருட்டுன்னு சொன்னீங்க. நான் காட்டின தாள்ல முத்திரை இல்லன்னும் சொன்னீங்க. அதே ரூம்ல வந்து நீங்களே முத்திரை போட்டுக் குடுங்க.”

அவர் முகம் சிறுத்துப் போனது. இருந்தாலும் இடைவேளையில் முத்திரையும் மை அட்டையுமாக ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். எல்லோரும் இருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கக் கோதண்டமும் கதவோரம் வந்து நின்றார். மனோன்மணி அதே உரிமத் தாளை மேசைமேல் விரித்தாள். என்ன எழுத வேண்டும் என்று ஹேமநாதன் கேட்டார்.

“இது திருட்டு இல்லன்னு எழுதுங்க சார்.”

எழுதினார். கையெழுத்துப் போட்டார். பள்ளியின் முத்திரையைக் குத்தினார். பாலசுப்பிரமணியன் இந்த முறை விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கி, எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். மனோன்மணி தாளை வாங்கி மை காய ஊதினாள். அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

“அப்போ திருட்டு எதுன்னும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். எல்லாரும் கேட்டுகினுதான் இருக்காங்க.”

ஹேமநாதன் வாயைத் திறந்தார், பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். அங்கே கோதண்டம் இல்லை. வெளியே அவருடைய பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.