கனம் பார்த்து வாங்கிய சைலென்சர்

ஆல்போன்ஸ் முசியேவின் ஜீப் கோவில்பத்தில் கிளம்பினால், மண்டபத்தூரில் வலை இழுக்கிறவர்கள் புயல் வருகிறதென்று கரைக்குத் திரும்பிவிடுவார்கள். நான் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்கிறவர்கள் அந்த ஜீப்பைக் கேட்காதவர்கள்.

முசியே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரைக்கும் போய்வந்த சொல்தா, அதாவது சிப்பாய். பென்ஷன் பிராங்கில் வரும், ஆனால் கையை விட்டு ரூபாய் போவது அபூர்வம். பட்டாளத்து ஏலத்தில் எவரோ எடுத்து, எவரெவரோ ஓட்டி, கடைசியில் இவரிடம் ஒதுங்கிய ஜீப் அது. உப்புக்காற்று அதன் சைலென்சரை அரித்து அரித்து, எழுபத்தெட்டாம் வருஷ ஆடியில் மிச்சமிருந்த பாதியும் பெருமாள் கோயில் தெருவில் உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு ஹார்ன் அடிக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அவருடைய மனைவி ஒதெத் மதாமுக்கு வேளாங்கண்ணிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. திருவிழாக் கொடியேறிய பிறகு ஜீப்பில் போவதாக ஏற்பாடு. இந்தச் சத்தத்தோடு மாதா முன்னால் போய் நிற்கமாட்டேன் என்று மதாம் சொல்லிவிட்டார். புதுச் சைலென்சர் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். விலையைக் கேட்ட முசியே, கண் ஆபரேஷன் செய்துகொண்ட கட்டோடு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்தக் கட்டினால்தான் வண்டி ஓட்டும் பொறுப்பு அடுத்த வீட்டுக்காரனான என்னிடம் வந்தது. சைலென்சரை மலிவாக முடித்துத் தருகிறேன் என்ற பொறுப்பை மட்டும் நானாகத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் நான் தலையில் எதையும் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சர்க்கார் ஆபீஸில் மூன்று வருஷமாகத் தற்காலிகக் குமாஸ்தா. நிரந்தர உத்தரவு கையெழுத்துக்குத் தயார். போலீஸ் நடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. எந்த ஊர் ஸ்டேஷனிலாவது குஞ்சிதபாதம் என்ற பெயர் ஒரு வரி ஏறியிருந்தால், நான் அப்படியே அப்பாவின் வயலுக்குப் போய்ச் சேரவேண்டியதுதான். தெருவில் போலீஸ்காரர் சைக்கிளில் போனால்கூட வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நல்லவனாக நிற்பேன்.

தாவூதின் பட்டறைக்குப் போனேன். நாகப்பட்டினத்து ஏலங்களில் பழைய வண்டிகளை வாங்கிவந்து கழற்றி விற்பவர் அவர். மூலையில் ஏழெட்டுச் சைலென்சர்கள் கிடந்தன. நான் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவன். எந்தப் பொருளானாலும் கையில் தூக்கிக் கனம் பார்த்துத்தான் வாங்குவேன். ஒவ்வொன்றாகத் தூக்கினேன். எல்லாம் பதர். ஒன்றுமட்டும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, வயிறு பெருத்து, தூக்கமுடியாத கனத்தில் இருந்தது. தட்டினால் டங்கென்று ஒலிக்கவில்லை, தொப்பென்றது.

“இது என்ன பாய், இவ்வளவு கனம்?”

“அந்தக் காலத்து இரும்பு தம்பி. ரெண்டு சைலென்சர் வெச்ச வண்டில இருந்துச்சு. ஒண்ணு ஓட்டை. இது கல்லு மாதிரி இருக்கு.”

ஒரு ஜீப்புக்கு எதற்கு இரண்டு சைலென்சர் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நடுவில் ஒரு குழாய் ஓடியது. ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வந்தது. அதற்குமேல் ஒரு சைலென்சரிடம் என்ன எதிர்பார்ப்பது? இரும்புக் கனத்துக்கு விலை பேசாமல் உருப்படிக் கணக்கில் கேட்டு, பாதிக்குப் பாதியாகக் குறைத்தேன். வெல்டிங் வைத்தால் கூலி ஏறும் என்று அதையும் தடுத்து, ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி, இரண்டு கிளாம்பு போட்டு இறுக்கவைத்தேன். அந்த வெல்டிங்கை மட்டும் நான் ஒப்புக்கொண்டிருந்தால் தாவூது, பட்டறை, பக்கத்து மளிகைக்கடை மூன்றும் அன்றைக்கே கடலில் விழுந்திருக்கும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டினேன். பூனை உறுமுகிற மாதிரி இருந்தது. முசியே என் தோளைத் தட்டி, “குஞ்சு, நீ பிரான்சுல பொறந்திருந்தா மந்திரி” என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் நானும் முசியேவும், பின்னால் மதாமும் மெழுகுவர்த்திக் கட்டும் ஒரு கூடைச் சாப்பாடும். நிரவி, பட்டினம் எல்லாம் சத்தமில்லாமல் கடந்தோம். போலகத்தை நெருங்கும்போது லேசாக ஒரு வாசனை வந்தது.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டாம். சாராயம். நான் கண்ணின் ஓரத்தால் முசியேவைப் பார்த்தேன். மாதா கோயிலுக்குப் போகிற காலையிலா என்று மனசுக்குள் வைதேன். பின்னாலிருந்து மதாம் அதையே வாய்விட்டு வைதார். முசியே தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வெற்றுவாயை மதாமின் மூக்கருகில் கொண்டுபோய் ஊதினார். பூண்டு நாற்றம்தான் வந்தது. ஆனால் வண்டி ஓட ஓட வாசனை ஏறிக்கொண்டே இருந்தது. வண்டிக்குள் நான்காவதாக எவனோ உட்கார்ந்து குடித்துக்கொண்டு வருகிற மாதிரி.

அந்தக் காலத்து எல்லையைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் காரைக்காலில் தெருவுக்கு நாலு மதுக்கடை. வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு, முழு மதுவிலக்கு. காரைக்காலிலிருந்து வருகிற பால்குடத்தைக்கூடச் சாவடிப் போலீஸ் முகர்ந்து பார்த்துத்தான் விடும். ஒரு சொட்டு அகப்பட்டாலும் கேஸ். கேஸ், வண்டி ஓட்டுகிறவன் பேரில். ஓட்டுகிறவன் நான்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது சாவடியின் குறுக்குக்கட்டை கண்ணில் பட்டுவிட்டது. கட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வண்டியை அவர்கள் துரத்திப் பிடிப்பார்கள் என்பது ஊரறிந்தது. வாசனையை எப்படியாவது அமுக்குங்கள் என்று மதாமிடம் கெஞ்சினேன். அவர் பாரீசிலிருந்து நாத்தனார் அனுப்பிய ஓடிகொலான் பாட்டிலைத் திறந்து சீட்டு, தரை, என் சட்டை, முசியேவின் கண்கட்டு எல்லாவற்றிலும் தாராளமாகத் தெளித்தார். பிரெஞ்சுக் குடும்பங்களில் சுரம், தலைவலி, மூட்டைப்பூச்சி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. அதில் முக்கால்வாசி சாராயச் சத்துதான் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. சாவடியில் நின்றபோது எங்கள் ஜீப் மாப்பிள்ளை மாதிரி மணத்தது, குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை.

ஏட்டு எழுந்து வந்தார். மீசை நரைத்த ஒற்றைநாடி மனிதர். பிறகு தெரிந்த பெயர் மருதையன். பத்தடி தூரத்திலேயே நின்று காற்றை இழுத்தார்.

முசியே பாஸ்போர்ட்டை நீட்டி, தான் பிரான்சுப் பிரஜை என்றார். சந்தைக்குப் போனாலும் அவர் நீட்டுவது அதைத்தான். ஏட்டு அதை வாங்கி, மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராக ஊதச் சொன்னார். நான் ஊதினேன். பயத்தில் காற்றே வரவில்லை, விசில் வந்தது. முசியே ஊதினார். மதாமைக் கேட்க ஏட்டு தயங்கினார். மதாம் தானாகவே எட்டி ஊதிவிட்டார்.

“யாரும் குடிக்கல” என்றார் ஏட்டு. “அப்ப வண்டிதான் குடிச்சிருக்கு.”

சீட்டைத் தூக்கினார். கூடையைக் கிளறினார். டூல் பெட்டி, பெட்ரோல் டாங்க், ஸ்டெப்னி. ஒன்றுமில்லை. அப்போதுதான் அடியில் அந்தச் சத்தம் கேட்டது. புஸ். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி, புஸ். சுட்ட தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. முசியேவின் முகம் வெளுத்தது. அவர் என் காதில் சொன்னார்: “தம்பி, இத நான் தொன்கின் சண்டையில கேட்டிருக்கேன். வெடிக்கறதுக்கு முந்தி இப்படித்தான் பேசும்.”

வேலை போகுமென்ற பயத்தோடு இப்போது உயிர் போகுமென்ற பயமும் சேர்ந்தது. இரண்டில் எதற்கு முதலில் நடுங்குவதென்று தெரியாமல், முழங்கால் ஒன்றுக்கும் தாடை இன்னொன்றுக்குமாக நடுங்கின. எனக்கு வேர்த்த வேர்வையைத் தேக்கியிருந்தால் அந்த வருஷம் மேட்டூரைத் திறந்திருக்கவே வேண்டாம்.

ஏட்டு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஜீப்புக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு அசையவில்லை. நான் குனிந்து பார்த்தேன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது சைலென்சரின் வயிற்றை. சூட்டில் கறுப்புப் பெயிண்ட் ஏடு ஏடாக உரிந்திருந்தது. அடியில் உளியால் கொத்திய ஒரு நம்பர். அதற்குப் பக்கத்தில் ரூபாய் அகல ஒரு மூடி. மூடியைச் சுற்றி அரக்கு உருகி வழிந்துகொண்டிருந்தது. அரக்கோடு சொட்டுச் சொட்டாக இன்னொன்றும் வழிந்து, சூடான குழாயில் விழுந்து புஸ்ஸென்றது.

“இந்த நம்பர கொத்துனது நான்” என்றார் அடியிலிருந்தே. குரல் எங்களிடம் பேசுகிற குரலாக இல்லை.

பிறகு அவர் சொன்னதையும் தாவூது சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் மருதையன் ஒரு ஜீப்பை விரட்டிப் பிடித்தார். ஓட்டியவன் குதித்து ஓடிவிட்டான். வண்டிக்குள் சாராய வாசனை. ஆனால் இரண்டு நாள் தேடியும் ஒரு சொட்டுக்கூட அகப்படவில்லை. முழுதும் சோதித்தேன், ஏதுமில்லை என்று கையெழுத்துப் போட்டு, பாகத்துக்குப் பாகம் நம்பர் கொத்தி ஒப்படைத்தார். யாரும் உரிமை கேட்டு வராததால் வண்டி ஏலம் போயிற்று. காலி வண்டியைப் பிடித்த ஏட்டு என்று ஸ்டேஷனே சிரித்து, அவரை இந்த வெயில் சாவடிக்கு அனுப்பிவிட்டது. இரண்டு சைலென்சரில் ஒன்று பொய்ச் சைலென்சர். நடுவில் பெயருக்கு ஒரு குழாய், சுற்றிலும் சாராயத்துக்கு ஓர் உறை. தளும்பிக் காட்டிக்கொடுக்காதபடி வாய்வரைக்கும் நிரப்பி அரக்கு வைத்து, மூடி தெரியாமல் கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தான் அந்த மகராசன். அதைத்தான் நான் கனம் பார்த்து வாங்கினேன்.

எஞ்சினை ஆறவிட்டு, ஏட்டு கிளாம்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அவர் மூடியைத் திருகித் திறந்தபோது, ஒரு குடம் கொள்ளும் அளவு சரக்கு, இன்னும் ஆவி பறக்க, எட்டிப் பார்த்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

“பேரு?”

“குஞ்சிதபாதம்” என்றேன். குமாஸ்தா, தற்காலிகம் என்றும் சொன்னேன். நிரந்தர உத்தரவு, விசாரணை பாக்கி, மூன்று வருஷம், எல்லாம் கேட்காமலே கொட்டினேன். எங்கே வாங்கியது, என்ன விலை, வெல்டிங்கை ஏன் தவிர்த்தது என்பதுவரை ஒன்று விடவில்லை. மதாம் பின்சீட்டில் ஜெபமாலையைத் தறி ஓட்டும் வேகத்தில் உருட்டினார்.

ஏட்டு எழுதவில்லை. பேனா முனை காகிதத்துக்கு மேலே நின்றது. நோட்டைப் பார்த்தார், சைலென்சரில் தன் கையால் கொத்திய நம்பரைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். சாவடிக்குள் இருந்த இன்னொரு போலீஸ்காரர் என்ன விஷயமென்று குரல் கொடுத்தார். ஏட்டு பதில் சொல்வதற்குள் இரண்டு தை மாதம் வந்துபோயிருக்கும்.

“ஒண்ணுமில்ல, பழைய சைலென்சரு ஒழுவுது” என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “மூணு வருஷமா நான் பைத்தியமில்லன்னு எவன்கிட்டயும் சொல்லமுடியல. இப்ப கையில இருக்கு, இப்பவும் சொல்லமுடியாது. இத நான் எழுதுனா, சோதிச்சேன் ஒண்ணுமில்லன்னு அன்னிக்கு எழுதிக்கொடுத்தவன் எவன்னு கேப்பான். ஒன் வேலையும் போவும், என் வேலையும் போவும்.”

சைலென்சரைத் தானே தூக்கிக்கொண்டு ரோட்டோர வாய்க்காலுக்கு நடந்தார். கவிழ்த்தார். குளுகுளுவென்று கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வாய்க்காலில் இருந்த தவளைகள் அன்று சாயங்காலம்வரை பாடியதாகப் போலகத்தில் இன்றும் சொல்லுவார்கள், கிளப்பிவிட்டவன் நான்தான். காலிச் சைலென்சரோடு திரும்பியவர், அதைத் தன் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. யாரிடமும் காட்டமுடியாவிட்டாலும் தான் மட்டும் பார்த்துக்கொள்ள ஆசையாக இருந்திருக்கும்.

பாஸ்போர்ட்டை முசியேவிடம் கொடுத்தார். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “போங்க. என் மூஞ்சியில இனிமே முழிக்காதீங்க.”

சைலென்சர் இல்லாத ஜீப்பைக் கிளப்பினேன். நாகூர் மினாரிலிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. வேளாங்கண்ணி வரைக்கும் அந்த இடிமுழக்கம்தான். சாராயத்தையே பொறுத்துக்கொண்ட மாதாவுக்கு இந்தச் சத்தம் பெரிய குற்றமில்லை என்று மதாம் நினைத்திருக்கலாம். நான் வழி நெடுக ஒன்றைத்தான் நினைத்து நடுங்கினேன். திரும்பும்போதும் அதே சாவடி. அவர் மனசு மாறியிருந்தால்? இன்னொருவர் எங்களை நிறுத்தி, காலையில் இருந்த சைலென்சர் எங்கே என்று கேட்டால்?

மாலை நாலரை மணிக்குத் திரும்பினோம். வாஞ்சூருக்கு இன்னும் ஒரு மைல். கட்டை கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. ஆனால் எங்கள் சத்தம் எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. வளைவு திரும்பியபோது பார்த்தேன். குறுக்குக்கட்டை வானத்தைப் பார்க்க நிமிர்ந்து நின்றது. மருதையன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நின்றிருந்தார்.

ஐப்பசியில் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. முசியேவின் ஜீப் அதற்கப்புறம் நாலு வருஷம் சைலென்சர் இல்லாமல்தான் ஓடியது. தாவூது எத்தனையோ தடவை வேறொன்று மலிவாகத் தருவதாகச் சொல்லியனுப்பினார். வேண்டாமென்றது நான்தான். எங்கள் சத்தம் கேட்டால் வாஞ்சூரில் கட்டை தானாக உயரும். அதை எந்தக் கடையில் வாங்கமுடியும்?