பூஸ் என்றால் யார் வரவேண்டும்

என் தம்பி கிறிஸ்ரி ஜெர்மனியில் கண்ணை மூடி எட்டு மாதத்தில், அவனுடைய மகள் அபிகாயில் ஒரு பெட்டியும் ஓர் அல்சேசன் நாயுமாக அரியாலையில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். பெட்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நாய் முப்பத்தெட்டுக் கிலோ. பெயர் ஓட்டோ. அதைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியவன் தம்பிதான். அப்பா விட்டுப்போனதில் மூச்சு விடுவது தானும் இந்த நாயும்தான் என்று அவள் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வந்த மறுநாளே வேலை விஷயமாக அவள் ஒரு கிழமை கொழும்புக்குப் போனாள். போகும்போது ஒரு தாள் தந்தாள். சோறும் முள்ளெடுத்து அவித்த மீனும் கொடுக்கலாம். வெங்காயம் கூடவே கூடாது, நாய்க்கு அது நஞ்சு. வெக்கை என்று உரோமத்தை வெட்டிவிடக் கூடாது. இரண்டு அடுக்கு உரோமம், வெயிலையும் அதுதான் தடுக்கிறது, ஆனால் தினமும் வாரவேண்டும். நடை விடியற்காலையில் மட்டும். வழுக்கும் நிலத்தில் ஓடவிட்டால் இடுப்பு பழுதாகும். சுன்னாகத்து வெங்காயம் இல்லாமல் ஒரு கறி வைத்தறியாத நான் நாய்க்குத் தனிச் சட்டி வைத்தேன். வாரிய உரோமத்தில் ஒரு தலையணை தைத்திருக்கலாம்.

ஆட்கள் சிதறி நிற்பது அதற்குப் பொறுக்காது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்த பெண்கள் முற்றத்தில் அங்கும் இங்குமாக நின்று கதைக்க, இது சுற்றிச் சுற்றி ஓடி, மூக்கால் முழங்காலில் இடித்து, எல்லோரையும் மாமரத்தடியில் கொண்டுவந்து சேர்த்தது. போதகர் வருடக்கணக்காக முயன்றும் நடக்காத காரியம் அது.

எனக்கும் அதற்கும் இருந்த ஒரே வழக்கு பூனை. காலையும் மாலையும் மீன்தலையைத் தட்டில் வைத்துக்கொண்டு "பூஸ், பூஸ்" என்று பூனையைக் கூப்பிடுவேன். பூனைக்கு முன்னே நாய் பாய்ந்து வந்து, என் இடது காலோடு ஒட்டிக்கொண்டு, முகத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். களவெடுக்க வந்ததென்று விளக்குமாற்றால் ஒன்று வைப்பேன். விலகிப்போய்ப் படுக்கும். அடுத்த வேளை திரும்ப வரும். ரோசம் கெட்ட நாய் என்று பேசுவேன்.

சனிக்கிழமை மாலை ரயிலில் அபிகாயில் வருவதாக இருந்தது. அன்று மத்தியானம் கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தினார்கள். வாசல் படலையை நான் கொளுவாமல் விட்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் நாயைக் காணவில்லை. றோட்டில் நின்று "ஓட்டோ, ஓட்டோ" என்று கத்த, மூன்று சக்கர வண்டிகள் இரண்டு வந்து நின்றதுதான் மிச்சம். தகப்பனைப் புதைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு இதை எந்த முகத்தோடு சொல்வேன்?

அவளுடைய நம்பர் அந்தத் தாளில்தான் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரும்போது, கடலேரிப் பக்கம் ஆடு வளர்க்கும் சோமசேகரம் படலையில் நின்றார். தன் ஆடுகள் அத்தனையையும் நாய் வெட்டைவெளியில் ஒரு மூலையில் மடக்கி வைத்திருக்கிறது, கடிக்கவில்லை, ஆனால் ஒருவரையும் கிட்ட விடவுமில்லை என்றார்.

"என்ரை தம்பிமார் ரெண்டுபேரும் பொல்லோட நிக்கினம், அக்கா. நீங்கள் கூப்பிட்டு அது வராட்டி, நான் அவையை மறிக்கமாட்டன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். வெடிக்கு மிரண்டு சிதறிய ஆடுகளைத் தன் பயத்தையும் மறந்து கூட்டிவைத்துவிட்டு, நாய் நாக்கைத் தொங்கப்போட்டபடி அவற்றின் முன்னால் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அதட்டினேன், கெஞ்சினேன். காதை மட்டும் திருப்பியது. பொல்லுத் தடிகளோடு நின்றவர்கள் முன்னால் நடக்கத் தொடங்கினார்கள்.

கையிலிருந்த தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஜெர்மன் கட்டளைகளைத் தமிழெழுத்தில் எழுதியிருந்தாள். நான்தான் முன்பக்கத்தோடு வாசிப்பை நிறுத்தியிருந்தேன். முதல் வரி இது: 'ஃபூஸ் — இடது காலோடு வந்து நிற்கும்.'

அந்த முதலெழுத்து எங்கள் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் வாயிலும் நுழையாது. வந்தபடி வரட்டும் என்று கத்தினேன்.

"பூஸ்."

நாய் ஆடுகளை விட்டு ஒரே ஓட்டமாக வந்து, என் இடது காலோடு ஒட்டி நின்று முகத்தைப் பார்த்தது. பூனையைக் கூப்பிட்டு நாய் பிடிக்கிற மனுசி என்று தம்பிமார் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆடுகளில் ஒன்றுகூடத் தவறவில்லை என்று கண்டபின் சோமசேகரமும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சொல்வழி கேட்ட பிள்ளையை ஒரு கிழமையாக விளக்குமாற்றால் அடித்திருக்கிறேன்.

மாலையில் வந்த அபிகாயிலிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் அழுதாள்.

"அப்பாவும் பூஸ் எண்டுதான் சொல்லுவார், மாமி. திருத்தித் திருத்தி நான் களைச்சுப்போனன். நான் சரியாச் சொன்னா ஓட்டோ யோசிச்சு யோசிச்சுத்தான் வரும்."

அது மீனுக்கு வரவில்லை. ஒவ்வொரு வேளையும் என் வாயில் தம்பியைக் கேட்டு ஓடி வந்திருக்கிறது.

அடுத்த நாளே பூனைக்கு ராணி என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயருக்கு அது இன்னும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சும்மா இருக்கும் நேரங்களில் முற்றத்துக்குப் போய், கையில் ஒன்றும் இல்லாமல், "பூஸ்" என்கிறேன்.