முன்வரிசைக்கு இன்னொரு கழுத்து

"ரெண்டாவது பாதியில தள்ளாத ஸ்க்ரம் கேளுங்க சார்," என்றேன் பயிற்சியாளரிடம்.

இடைவேளைக்கு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டிருந்தவள்கூட நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசைக்காரியின் வாயிலிருந்து வரவே கூடாத வார்த்தை அது. நான் அணியில் சேர்ந்த புதிதில் இதே பயிற்சியாளர்தான் சொன்னார்: "எலும்பு உடைஞ்சுதுன்னு சொல்லு, கேட்டுக்கறேன். தள்ளாம ஆடலாம்னு மட்டும் கேட்டுராத."

ரக்பி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எட்டுப் பேர் தோளோடு தோள் கோர்த்துக் குனிந்து, எதிரணி எட்டுப் பேருக்குள் தலையைச் செருகி, பந்துக்காகத் தள்ளுவதுதான் ஸ்க்ரம். முன்வரிசையில் மூன்று பேர். நான் வலது ஓரம். பின்னாலிருந்து எங்கள் ஆட்கள் தள்ளுவதும் முன்னாலிருந்து எதிராளிகள் தள்ளுவதும் சந்திக்கிற இடம் என் கழுத்து. முன்வரிசையில் ஆடப் பழகிய ஆள் தீர்ந்துபோனால் நடுவர் தள்ளாத ஸ்க்ரம் அறிவிப்பார். சும்மா குனிந்து நிற்க வேண்டியதுதான். அதற்குக் காரணமான அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். இந்தப் போட்டியின் விதி அது.

நாங்கள் முன்னிலையில் இருந்தோம். ஓடுகிறவர்கள் எல்லாம் எதிரணியில். எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை தள்ளுவது. அதை விட்டுவிட்டால் தோல்விதான். ஜெயித்தால் முதல்முறையாக உலகக் கோப்பையில் ஆடத் தகுதி.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றார் பயிற்சியாளர்.

"கடைசி ஸ்க்ரம்ல கழுத்துல சுரீர்னுச்சு. இடது கையே இல்ல சார்."

கை இருந்தது, தொங்கிக்கொண்டு. பிசியோ அக்கா தன் இரண்டு விரல்களை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இறுக்கிப் பிடி."

"பிடிச்சிட்டுத்தானே இருக்கேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் பிடிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

"சரி, நீ உட்காரு," என்றார் பயிற்சியாளர். "குட்டி, நீ முன்னாடி போ."

அணியிலேயே பெரிய உருவம் என்பதால் அவளுக்குக் குட்டி என்று பெயர். பின்வரிசைக்காரி. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

"நான் ரெடி சார்! மெஷின்ல தள்ளியிருக்கேன்ல?"

"மெஷின் திருப்பித் தள்ளாதுடி," என்றேன்.

"உங்களைவிட ரெண்டு தட்டு கூடத்தான் திங்கறேன்க்கா. அதெல்லாம் தள்ளிருவேன்."

யாரோ சிரித்தார்கள். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். நீளமான, மெல்லிய கழுத்து. என் கழுத்துக்குக் கடையில் விற்கிற எந்தச் சட்டையின் மேல் பொத்தானும் எட்டாது. அப்படி வளர்க்க வருடங்கள் ஆகும்.

எங்களுக்கு மாற்று ஆள் இருந்தாள். போன ஆட்டத்தில் கணுக்கால் போனது. இன்னொருத்தி ஊரிலேயே இருக்கிறாள். அவளுடைய விமான இருக்கையில் வந்த சங்கச் செயலாளரின் மனைவி, மேலே பார்வையாளர் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் ஆட்டத்துக்கு முன்பு பயிற்சியாளர் நடுவரிடம், குட்டியும் பழகிய முன்வரிசைக்காரிதான் என்று கூசாமல் சொன்னார். நான் தாங்கிவிடுவேன், அந்தப் பொய்க்கு வேலையே வராது என்று எல்லோரும் நம்பினோம்.

கேப்டன் என்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துப் போனார். முன்வரிசையில் நடு ஆள் அவர்.

"வாயை மூடிட்டு உட்காருடி. உன் வேலையே இதுலதான் தொங்குது."

உண்மைதான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தைப் பார்த்து ஒருத்தரும் நாற்காலி தரவில்லை. முட்டுவதைப் பார்த்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் தந்தார்கள், அதுவும் தற்காலிகமாக. காலையில் அம்மா போனில், "மாடு மாதிரி முட்டறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்றாள். உடனே, "சரி சரி, நல்லா முட்டு. ஜெயிச்சா வேலையை நிரந்தரம் பண்ணிருவாங்கதானே?" என்றாள். பண்ணிருவாங்கம்மா என்றேன்.

"உங்க தோளைப் பிடிச்சுட்டுதான் அவ குனியப் போறா," என்றேன் கேப்டனிடம். "ஸ்க்ரம் சரிஞ்சா அவ தலை அடியில போயிரும்."

"நான் பாத்துக்கறேன்."

"என்னையே உங்களால பாத்துக்க முடியலியேக்கா."

அவர் குழாயைத் திறந்து முகம் கழுவ ஆரம்பித்தார்.

நான் பயிற்சியாளரிடம் திரும்பிப் போனேன். "சார், நானே ஆடறேன். குட்டி வேணாம்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"இன்னொரு ஸ்க்ரம் தள்ளினா இவ சக்கர நாற்காலிதான் சார்," என்றார் பிசியோ அக்கா.

"அப்ப குட்டிதான்," என்றார் பயிற்சியாளர், சட்டை மாற்றுகிறவர் மாதிரி. அவருக்குத் தேவை ஒரு கழுத்து. யாருடையது என்பது அவர் கவலை இல்லை.

குட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதுகளைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டாள், எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடி. பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. தலையை எந்தப் பக்கம் செருகணும்?"

நான் எழுந்தேன்.

"எங்க போற?" என்றார் பயிற்சியாளர்.

"நடுவர்கிட்ட. குட்டி பழகினவ இல்லைன்னு சொல்ல."

"கதவைத் தாண்டினா உனக்கு அணியும் கிடையாது, வேலையும் கிடையாது. யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சு சார்."

கேப்டன் கதவை மறித்து நின்றார். அவர் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நாங்க இத்தனை வருஷம் உழைச்சது? ஒருத்திக்காக எல்லாரையும் குழியில தள்றியே, நியாயமா?"

நியாயம் இல்லைதான். அவரைத் தோளால் ஒதுக்கினேன். அவர் ஒதுங்கினார்.

"அக்கா, வேணாம்க்கா!" குட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். "எனக்கு இது ஒண்ணுதான்க்கா. உங்களுக்கு முடிஞ்சுபோச்சுன்னு என்னையும் கெடுக்காதீங்க. சத்தியமா உங்க மூஞ்சியிலகூட முழிக்கமாட்டேன்."

"முழிக்காத," என்றேன். அவள் விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு நடைபாதைக்கு வந்தேன். கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நடுவர் அறை நடைபாதைக் கோடியில் இருந்தது. நடந்தேன்.