ஒத்திகைப் பேராசிரியர்

"கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. பேராசிரியர் யாரும் இப்படி நாற்காலியில வழிய மாட்டாங்க" என்றாள் என் மனைவி.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நான், எதிரே அவள். நடுவில் அவளுடைய மடிக்கணினி, உயரம் போதாமல் இரண்டு தடிப் புத்தகங்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை அதன் வழியாக மூன்று பேராசிரியர்கள் அவளை நேர்காணல் செய்யப் போகிறார்கள். உளவியலில் முனைவர் படிப்பு, ஐந்து வருடம், வேறொரு நாடு. இரண்டு வருடம் விண்ணப்பித்து ஓரிடமும் கிடைக்கவில்லை. மூன்றாவது வருடம் ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டுவிட்டது. அந்த மூன்று பேர் வேலையையும் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒற்றை ஆளாகப் பார்க்க வேண்டுமாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு வந்த வாழ்வு.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. அவள் முதுகலை படித்தபோது நான்தான் வீட்டுச் சோதனை எலி. வகுப்பில் சொல்லிக்கொடுத்த சோதனைகளை எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என்மேல் செய்து பார்ப்பாள். எண்களைச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வாள். கட்டைகளைக் கொடுத்துப் படத்தில் இருப்பதுபோல் அடுக்கச் சொல்வாள். சரியா தப்பா என்று கேட்டால் முகம் மாறாமல் "நல்லா முயற்சி பண்றீங்க" என்பாள். அதற்குமேல் சொல்லக் கூடாது என்று அவர்களுக்கு விதி. எனக்கு எவ்வளவு அறிவு என்பது இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெருமூச்சைக்கூட யோசித்து விட வேண்டிய வீடு என்னுடையது.

அவள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆலோசகர். நேர்காணல் தேதி வந்த அதே வாரம் பள்ளியும் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லிவிட்டது. வேண்டுமா வேண்டாமா என்று நாளை மதியத்துக்குள் பதில் வேண்டும். வேலையில் சேருவதென்றால் குறைந்தது மூன்று வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். சும்மா இருந்த தெய்வங்கள் எல்லாம் ஒரே நாளில் வரம் கொடுக்க வந்தால் இப்படித்தான். என் மாமனார் போனில் என்னிடம் கேட்டார், "டாக்டர் பட்டம்கறாளே, ஒரு காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்க முடியுமா மாப்பிள்ளை?" முடியாது என்றேன். "அப்போ எதுக்கு?" என்றார். மாமியார் ரிசீவரைப் பிடுங்கி, அஞ்சு வருஷம் கழித்துக் குழந்தை எப்போது பெறுவது என்று ஆரம்பித்தார். எல்லோருக்கும் சேர்த்து நான் சொன்ன பதில், "அவ இஷ்டம்."

இந்த 'அவ இஷ்டம்' நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது. போகாதே என்று சொன்னால் பெண்டாட்டியின் காலைக் கட்டிப்போட்டவன் ஆவேன். போ என்று சொன்னால் என் கடை என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். பதினோரு வருடம் ஒரே தெருவில் உட்கார்ந்து சேர்த்த வாடிக்கை. அதைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. கண் பார்க்க நான் வாங்கிய சான்றிதழ் அந்த நாட்டில் செல்லாது. அங்கே போனால் அவள் அறையில் சமைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், இல்லையென்றால் இங்கே ஐந்து வருடம் தனியாக இருக்கலாம். இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளியில் எழுதினபோது அந்த எறும்பைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

"ஆரம்பிங்க" என்று கேள்விகள் எழுதிய தாளை நகர்த்தினாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

'நீங்க' என்றதும் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கல்யாணம் நிச்சயமான புதிதில் ஒரு வாரம் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்ப்பதுபோல் என் நெற்றிக்கு நேராகப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

"பந்தும் வலையும் போட்டு வைக்கற அறையிலதான் சார் எனக்கு இடம் கொடுத்திருக்காங்க. பசங்க வந்து உட்காருவாங்க. என்னடான்னு கேட்டா 'ஒண்ணுமில்ல மிஸ்'னு சொல்வாங்க. ஒவ்வொரு பையனும் அதை ஒவ்வொரு விதமா சொல்றான். எந்த ஒண்ணுமில்லைக்குப் பயப்படணும், எதை விட்டுடலாம்னு எனக்குத் தெரியல. யாரும் ஒழுங்கா அளந்து பார்த்ததாவும் தெரியல. அதுக்குத்தான் வரேன்."

எட்டு வருடக் குடித்தனத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்பதுதான் சரி.

"பள்ளியிலேயே நிரந்தரமா இருந்துக்கிட்டு இதைச் செய்யலாமே?" இந்தக் கேள்வி தாளில் இருந்தது. அதை நான் கொஞ்சம் அதிக ஆசையோடு படித்திருக்க வேண்டும். அவள் கண் ஒரு கணம் என் நெற்றியிலிருந்து இறங்கியது.

"நிரந்தரம்னா சார், லேட்டா வர்ற பசங்களைக் காலையில கேட்டுல பிடிச்சு நிறுத்தறதும் என் வேலை. காலையில நிறுத்தினவகிட்ட மத்தியானம் வந்து எந்தப் பையன் மனசு விட்டுப் பேசுவான்? அறையும் அதே அறைதான். சாவி மட்டும் என் கையில கொடுப்பாங்க."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உள்ளே போயிற்று. தாளில் அடுத்ததைப் படித்தேன், அதற்கடுத்ததையும் படித்தேன். எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொன்னாள். எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேள்விகள் தீர்ந்துவிட்டன, 'ரொம்ப நல்லா இருந்தது' என்று சொல்லி எழுந்திருக்கலாம். ஆனால் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த தைரியம் என்னை விடவில்லை.

"வீட்டுல இதுக்கு எல்லாருக்கும் சம்மதமா?"

அப்படி ஒரு கேள்வி தாளில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதினவளே அவள்தான். இருந்தாலும் அசையாமல் உட்கார்ந்து, அதே குரலில் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் 'உன் இஷ்டம்'னுட்டார் சார்."

"அப்புறம் என்ன?"

"அவர் கண்ணாடிக் கடை வச்சிருக்கார். கண்ணுக்குச் சில்லு மாத்தி மாத்திப் போட்டு, எது தெளிவா இருக்கு, இதுவா இதுவான்னு கேட்கறதுதான் அவர் தொழில். யாராவது ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா விடமாட்டார். அப்படி இருக்கவே முடியாது, நல்லா பார்த்துச் சொல்லுங்கம்பார். நான் கேட்டா மட்டும் ரெண்டும் நல்லதுதான்கறார்."

ஜன்னல் வழியாக வெயில் மேசைக்கு வந்திருந்தது. எதிர்வீட்டில் யாரோ எதையோ ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உண்மையிலேயே அவருக்கு அப்படித் தோணலாம் இல்லையா?"

"முதல் தடவை இடமில்லைன்னு பதில் வந்த அன்னைக்கு அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார் சார். அவர் டீயை வாயில வைக்க முடியாது, கல்யாணமான நாளிலேர்ந்து அப்படித்தான். அன்னைக்கு அவ்வளவு நல்லா இருந்தது. அடுத்த வருஷம் இடமில்லைன்னு வந்தப்பவும் நல்லா இருந்தது."

என் காது சூடானது. தாளைப் பார்த்தேன், அதில் எனக்கு உதவ ஒரு வரியும் இல்லை. "இந்த நேர்காணலுக்குக் கூப்பிட்டப்போ?"

"அன்னைக்கும் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துட்டார்."

"அவர்மேல கோபமா?"

"இல்ல சார். கோபம் வந்தா சுலபம், கிளம்பிப் போயிடலாம்."

நான் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பேராசிரியர்கள் அழுவார்களா என்று தெரியவில்லை. நேர்காணலை முடிக்க அவர்கள் ஒன்று கேட்பார்களாம், அதை அவளே அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு. எடுக்கறீங்களா இல்லையான்னு இப்பவே சொல்ல முடியுமா?"

என் நெற்றியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"யோசிச்சுத் தகவல் சொல்றோம்" என்றது என் வாய்.

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கள் இரண்டு பேருக்கும் போதவில்லை, சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. அவள் தாளை எடுத்து நான்காக மடித்தாள். பிறகு, "ஒரு டீ போடுங்களேன்" என்றாள்.

சமையலறைக்குப் போனேன். பாத்திரத்தில் தண்ணீரை வைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று உறைத்தது. நன்றாக வந்தால் ஒரு அர்த்தம், கெட்டுப்போனால் ஒரு அர்த்தம். வழக்கம்போல் போட்டுவிடலாம் என்றால், வழக்கமாக எப்படிப் போடுவேன் என்பதே மறந்துவிட்டது. தூளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில் இரண்டு பேருக்குக் கண் பார்த்து அனுப்பியிருக்கலாம். என்ன போட்டேன், எத்தனை கரண்டி போட்டேன், எனக்கே தெரியாது.

கோப்பையைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். ஆவி மேலே ஏறி அவள் கண்ணாடியில் படிந்தது. நான் தேய்த்துப் பொருத்திக் கொடுத்த சில்லுகள். எப்போதும் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் குடிப்பாள். இன்றைக்குத் துடைக்கவில்லை. ஒரு மிடறு குடித்தாள். கோப்பையைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, கண்கள் தெரியாதபடி வெள்ளையாகிப்போன இரண்டு வட்டங்களால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.