பிளானில் இருக்கும் கல்யாணம்

1

பிளானுக்கும் ஷெட்யூலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பத்திரிகையின் மொழிப் பக்கத்துக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். உதாரணத்துக்கு ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். வந்தவள் போக மறுத்துவிட்டாள். அப்படித்தான் இது கதையானது.

2

பிரிக்பீல்ட்ஸின் மாலை வெளிச்சத்தில் சந்திரகலாவின் கண்கள்...

(வேண்டாம். அவள் பசியோடு இருந்தாள். அதிலிருந்து தொடங்குகிறேன்.)

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்திரகலா வாசுவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடப் பழக்கம். அவன் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில், எந்த வண்டி எப்போது எங்கே போக வேண்டும் என்று பார்ப்பவன். கல்யாணப் பேச்சை எடுத்தால் "பிளான்ல இருக்கு லா" என்பான். அவளும் நம்பினாள். அன்று சோற்றில் சாம்பார் விழுவதற்குள், கிள்ளானில் மண்டபம் பிடித்துவிட்டதாகவும் ஆவணியில் தேதி குறித்துவிட்டதாகவும் சொன்னாள்.

வாசுவின் கை இலைமேல் அப்படியே நின்றது.

"நான் பிளான்னுதானே சொன்னேன், கலா. ஷெட்யூல்னு சொல்லலையே."

3

(இங்கே வாசுவைக் கோழை என்று எழுதி அடித்தேன். அவன் பொய் சொல்லவில்லை. பிளான் மனசில் இருப்பது, அதற்குத் தேதி கிடையாது. ஷெட்யூல் என்றால் நாளும் நேரமும் வந்துவிடும், ஆள் போய் நிற்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினான். கட்டுரையில் நான் எழுத நினைத்ததும் அதுவேதான். எனக்கே சங்கடமாகிவிட்டது.)

பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கட்சி பிரிந்தார்கள். கடைக்காரர் ஹஸ்ஸான், மீன் குழம்புகூடத் தன் பிளானில்தான் இருக்கிறது, இன்றைக்குக் கிடையாது என்று வாசுவின் பக்கம் சேர்ந்தார்.

சந்திரகலாவுக்கு அழுகை வரவில்லை, பசிதான் போய்விட்டது.

"லோரிக்கு மட்டும் ஏன் ஷெட்யூல் வச்சிருக்கே?"

"லோரி லேட்டானா கஸ்டமர் கத்துவான்."

ஆறு வருடத்தில் தான் ஒருமுறைகூடக் கத்தியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்றாள். தன் கல்யாணம் எங்கே என்று, ஹஸ்ஸானின் கையிலிருந்த கரண்டி கீழே விழும் அளவுக்குக் கத்தினாள்.

வாசு பதறி எழுந்தான். கத்தும் கஸ்டமருக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"சாரி மேடம். ஆன் த வே."

4

கடையே கைதட்டியது. மண்டப வாசலில் அவன் மாலையோடு நிற்பதாக ஒரு முடிவு எழுதி அடித்தேன். மேடையில் அவள் மட்டும்... என்று இன்னொன்றைத் தொடங்கி விட்டுவிட்டேன்.

ஆன் த வே என்பது பிளானா, ஷெட்யூலா? நம் ஊரில் அப்படிச் சொன்னவர் நெடுஞ்சாலை டோலைத் தாண்டியும் இருக்கலாம், இன்னும் குளிக்காமலும் இருக்கலாம்.

சந்திரகலா உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்க்கிறேன்.