மூடிக்குக் கீழே

கடற்காற்று லிங்கராஜின் தலைக்கவசத்தைத் தட்டிவிட்டது. அது துறைமுகத்தில் நின்ற கப்பலின் மேல்தளத்தில் உருண்டோடி, ஆள் இறங்கும் துளை வழியே நிலக்கரி அறைக்குள் விழுந்து, இரும்பு ஏணியின் முதல் தட்டிலேயே நின்றுகொண்டது. எட்டிப் பார்த்தால் மஞ்சளாகத் தெரிந்தது.

"இந்தா எடுத்துட்டு வாரேன்" என்று அண்ணன் பிச்சையாவிடம் சொல்லிவிட்டு இறங்கினான்.

துளையின் மூடியைத் திறந்து வைத்தவன் ஜெயகணேஷ், சரக்கு இறக்கும் ஆட்களின் பாதுகாப்பு மேற்பார்வையாளன். உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்கவே திறந்தான். சோதிக்கும் கருவியை எடுக்கச் சற்றே நகர்ந்திருந்தான்.

இந்தோனேசியாவில் கரி ஏற்றிப் பூட்டிய அறை அது. பூட்டிய அறையில் நிலக்கரி சும்மா கிடப்பதில்லை, தீயில்லாமலே வேகும். உள்ளிருக்கும் பிராணவாயுவைத் தின்னும், தின்னத் தின்னச் சூடேறும், சூடு போக வழியில்லாமல் இன்னும் வேகமாகத் தின்னும். தின்ன ஒன்றும் மிச்சமில்லாதபோது அடங்கிவிடும். மிஞ்சுவது வாசனையே இல்லாத விஷக்காற்று. வேதியியல் படித்த ஜெயகணேஷ் ஒவ்வொரு கப்பலிலும் இதைச் சொல்வான். லிங்கராஜும் தலையாட்டிக் கேட்டவன்தான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் தலைக்கவசத்தைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

பிச்சையாவின் அலறல் கேட்டு ஜெயகணேஷ் ஓடி வந்தான். ஏணித் தட்டில் லிங்கராஜ் மடங்கிக் கிடந்தான். பிச்சையா ஒரு காலை உள்ளே விட்டிருந்தார். ஜெயகணேஷ் பின்னாலிருந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தளத்தில் சாய்த்தான்.

"விடுலே! எந்தம்பி கெடக்காம்லே!"

"எறங்குனா நீங்களும் மேல வர மாட்டீய அண்ணாச்சி!"

"மூச்ச அடக்கிக்கிட்டு தூக்கிருவேன். விடுலே, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

ஜெயகணேஷ் விடவில்லை. கப்பல்காரர்கள் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு வரும்வரை, தன்னைவிடப் பலசாலியான அந்த மனிதரின் மேல் படுத்தே கிடந்தான். அங்கிருந்து துளைக்குள் பார்வை போனது. லிங்கராஜின் விரல்கள் ஏணிக்கம்பியைத் தேடுவதுபோல் ஒருமுறை விரிந்து மடங்கின. பிச்சையாவின் முகம் தளத்தோடு அழுந்தியிருந்ததால் அவர் அதைப் பார்க்கவில்லை.

மேலே கொண்டுவந்தபோது லிங்கராஜின் முகம் விஷக்காற்றால் சிவந்து, தூங்குபவன் முகம்போல இருந்தது. உயிர் இல்லை.

பிணவறை வாசலுக்கு, லிங்கராஜின் மனைவி செல்வராணி வேம்பாரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். ஜெயகணேஷைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க பாக்கும்போது அவுக அசைஞ்சாகளா?"

'இல்லை' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. விழுந்ததுமே போய்விட்டான் என்று அவளும் நிம்மதியாக அழுவாள், தானும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவன் வாய் அந்தச் சொல்லுக்காகத் திறந்தது.

"அசைஞ்சான்மா. வெரலு."

அவள் தலையை மெல்லத் திருப்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிச்சையாவைப் பார்த்தாள். அவருக்கும் கேட்டிருந்தது. அவர் எழவில்லை, ஏசவில்லை. காலையில் கப்பலின் பக்கத்து அறையில் கரி வாரிய கைகளைக் கழுவாமலே மடியில் வைத்திருந்தார். கரிப்படலத்துக்கு நடுவே, இரண்டு முழங்கைகளுக்கும் கீழே, ஜெயகணேஷின் விரல்கள் பிடித்திருந்த இடம் மட்டும் ஐந்தைந்து கோடுகளாக வெளுத்துத் தெரிந்தது.